கேமராவைச் சரிசெய்துவிடாதீர்கள்

அந்த வீடியோ கேமைத் தயாரித்த கம்பெனிக்கு நான் அனுப்பிய மெயிலில் மொத்தம் பதினேழு குறைகள் இருந்தன. கிரிட்டிகல் மூன்று, மேஜர் ஐந்து, மைனர் ஒன்பது. அவர்கள் என்னிடம் கேட்கவில்லை. ஆம்பூரில் ஒரு ஷூ ஃபேக்டரியில் பதினாலு வருஷமாக ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷன் மேஜையில் நிற்பவனுக்குக் கேட்காமலே குறை சொல்லும் வியாதி வந்துவிடுகிறது. சின்னச் சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர்கள் ஒரு ரோல் கொடுப்பார்கள். தோலில் கீறலா, தையல் தப்பியிருக்கிறதா, பசை வழிந்திருக்கிறதா, அந்த இடத்தில் ஓர் அம்பை ஒட்டித் திருப்பி அனுப்ப வேண்டும். ஃபேக்டரியில் இதற்குச் சம்பளம் உண்டு. வீட்டில் இலவசமாகச் செய்து வந்தேன்.

என் மனைவி ஷர்மிளா அதே ஃபேக்டரியில் தையல் பிரிவு. ஷூவின் மேல்பாகத்தைத் தைக்கிறவள். பன்னிரண்டு வருஷத்தில் அவள் தைத்தது என் மேஜைக்கு வந்து அம்பு வாங்கியது விரல் விட்டு எண்ணும் அளவுதான். அவள் மெஷினில் உட்கார்ந்தால் நான் கல்யாணத்துக்கு முன்பு பார்த்த ஷர்மிளா ஆகிவிடுவாள். நிமிர்ந்து உட்கார்ந்து, உதட்டை லேசாகக் கடித்துக்கொண்டு, உலகத்தில் வேறு யாருமே இல்லாத மாதிரி தைப்பாள்.

மார்ச் மாதம் அவள் ஊறுகாய் பாட்டில் கழுவும்போது பாட்டில் கையிலேயே உடைந்தது. வலது கட்டைவிரலை மடக்குகிற தசைநார் அறுந்துவிட்டது. வேலூர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன், ஆறு வாரம் கட்டு. கட்டைப் பிரித்த பிறகு விரல் மரக்குச்சி மாதிரி விறைத்து நின்றது. கட்டைவிரல் மடங்காமல் தோலின் ஓரத்தைப் பிடித்து ஊசிக்குக் கீழே திருப்ப முடியாது. தையல் சூப்பர்வைசர் முத்துமாரி அக்கா வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டு, ஜூலை முதல் திங்கள் வரைக்கும் மெஷினை அவளுக்காக வைத்திருப்பதாகச் சொன்னார். அன்றைக்கு வந்து தைத்துக் காட்ட வேண்டும், முடியவில்லையென்றால் பேக்கிங் பிரிவில் அட்டைப்பெட்டி மடிக்கிற வேலை. ஷர்மிளா சரிக்கா என்று தலையாட்டினாள். அக்கா போன பிறகு சமையலறையில் ரொம்ப நேரம் தண்ணீர்க் குழாய் ஓடிக்கொண்டிருந்தது.

இந்த இடத்தில் ஒரு நல்ல கணவன் என்ன செய்வான்? எனக்குத் தெரியாது. நான் ஒரு ஷீட் போட்டேன்.

வேலூரில் பூங்குழலி என்று ஒரு தெரபிஸ்ட். கட்டைவிரல் நுனி வளைந்து வந்து சுண்டுவிரலின் அடியைத் தொட வேண்டும், அதுதான் குறி என்று அவர் சொல்லியிருந்தார். பச்சை நிறத்தில் மாவு மாதிரி ஒன்றைக் கொடுத்து, பிசையச் சொல்லியிருந்தார். நான் தினமும் சாயங்காலம் ஸ்டீல் ஸ்கேலை எடுத்து இடைவெளியை அளந்து, ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிய அந்த ஷீட்டில் எழுதினேன். இருபத்தாறு மில்லிமீட்டர். இருபத்தைந்து. இருபத்தாறு. இருபத்தாறு. ஒருநாள், எந்த மூட்டு மடங்கவில்லை என்று அவளுக்குப் புரியட்டுமே என்ற நல்லெண்ணத்தில், அந்த மூட்டின் மேல் ஒரு சிவப்பு அம்பை ஒட்டினேன்.

ஷர்மிளா கையைத் தூக்கிப் பார்த்தாள்.

"என் கை இன்னா உங்க ஃபேக்டரி ஷூவா?" என்றாள். "ரிஜெக்ட்னு எழுதிட்டுப் போங்க."

அம்பைப் பிய்த்து என் சட்டைப் பையில் ஒட்டிவிட்டுப் போனாள். மறுநாளிலிருந்து மாவு டப்பா திறக்கப்படவில்லை. ஒரு வாரம் போயிற்று. நான் மன்னிப்புக் கேட்டேன், கெஞ்சினேன். அவள் கோபப்படக்கூட இல்லை. பெட்டி மடிக்கிறதும் வேலைதானே என்று சொன்னாள்.

அந்தச் சமயத்தில்தான் பக்கத்து வீட்டு காஷிஃப் ஒரு பெரிய பையோடு வந்து நின்றான். தோல் பதனிடும் ஷாப்புகளுக்குக் கெமிக்கல் சப்ளை செய்கிற பையன். வாணியம்பாடியில் பெண் பார்த்து நிச்சயம் ஆகியிருந்தது. பைக்குள் கேம் கன்சோல்.

"பொண்ணு வீட்டுக்காரங்க ஜாஸ்தி வந்து போறாங்கண்ணா. டிவி கீழ இத பாத்தா, மாப்பிள்ளை இன்னும் வெளையாட்டுப் புள்ளைன்னு நெனைச்சுக்குவாங்க, பேஜாராயிடும். கல்யாணம் முடியிற வரைக்கும் உங்க வீட்ல இருக்கட்டும். நீங்களும் ஆடுங்க, உள்ள ஒரு டிஸ்க் இருக்கு."

அந்த டிஸ்கின் ஆங்கிலப் பெயர் எங்கள் வாயில் நுழையவில்லை. எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் கோட்டைக்காரன். ஒருவன் வாளை எடுத்துக்கொண்டு ஒரு கோட்டைக்குப் போகிறான். ஏன் போகிறான் என்று எங்குமே சரியாகச் சொல்லவில்லை (குறை எண் நான்கு). கோட்டைக்கு முன்னால் ஒரு கல்பாலம், நம் பாலாற்றுப் பாலத்தைவிட நீளம். பாலம் முழுக்கக் காவல்காரர்கள். செத்தால் பாலத்தின் தொடக்கத்துக்குக்கூட விடமாட்டார்கள், அதற்கும் முன்னால் காட்டுக்குள் கொண்டுபோய்ப் போடுவார்கள் (குறை எண் இரண்டு, கிரிட்டிகல்).

நல்லதும் இருந்தது, இல்லையென்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். மழை வரும். மழையில் கல் கறுத்து, அவன் போர்வை நனைந்து கனத்துத் தொங்கும். ஒவ்வொரு காவல்காரனுக்கும் ஒவ்வொரு சண்டை. ஒருவன் இடதுகைக்காரன், அவன் வெட்டு வருகிற பக்கமே வேறு. கிழவன் ஒருவன் சண்டைக்கு முன்னால் தலை குனிந்து வணங்குவான், அவன்தான் இருப்பதிலேயே மோசமானவன். வாள் கேடயத்தில் படும்போது கையிலிருக்கிற கன்ட்ரோலர் அதிரும். அந்த அதிர்வை நான் மெயிலில் பாராட்டவில்லை. குறை எழுத வந்த இடத்தில் பாராட்டுக்கு ஏது காலம்?

ஆனால் கேமரா. கேமராவைப் பற்றி மட்டும் ஒரு முழுப் பாரா எழுதியிருந்தேன். அது நம் ஆளின் பின்னாலேயே வராது. நாம்தான் வலது கட்டைவிரலால் அந்தக் குட்டிக் குமிழைத் திருப்பித் திருப்பி அவன் எங்கே பார்க்க வேண்டும் என்று காட்ட வேண்டும். திருப்பாவிட்டால் அது பாட்டுக்கு ஒரு தூணையோ ஆகாயத்தையோ பார்த்துக்கொண்டிருக்கும், பின்னாலிருந்து ஒருவன் வந்து வெட்டிவிட்டுப் போவான். குறை எண் ஒன்று, கிரிட்டிகல், உடனே சரிசெய்யவும் என்று எழுதி, இரண்டாம் நாளே அனுப்பினேன். இடது கையால் அவனை நடத்தினால் வலது கை மறந்துபோகிற ஜாதி நான். முதல் மாலையில் இருபத்துமூன்று தடவை செத்தேன்.

ஷர்மிளா டீ டம்ளரை இடது கையில் வைத்துக்கொண்டு பார்த்தாள். மூன்றாம் நாள் அவள் பேசியது பூட்ஸைப் பற்றி.

"தையல் எங்க போட்டிருக்கான் பாருங்க. ரெண்டு நாள் நடந்தா பிஞ்சிடும்."

நான் டிவி பக்கத்தில் போய்ப் பார்த்தேன். தையல் மட்டுமில்லை. இரண்டு பூட்ஸிலும் ஒரே இடத்தில் ஒரே கீறல். எந்த மாட்டுக்கும் இரண்டு பக்கமும் அப்படி அச்சாகக் கீறல் விழாது. ஒரு பூட்ஸை வரைந்துவிட்டு அதையே திருப்பிப் போட்டிருக்கிறார்கள். இருவரும் சிரித்தோம். பத்து நாளில் அவள் சிரித்தது அதுதான். அந்தச் சிரிப்பில் நான் பாலத்தைக் கவனிக்கவில்லை, இடதுகைக்காரன் பின்னாலிருந்து வந்தான்.

"பின்னால பாருங்க... அய்ய, பின்னால."

"எப்படிப் பாக்கறது? இத திருப்புனா அது நிக்குது."

"தள்ளுங்க."

என் வலது பக்கம் வந்து உட்கார்ந்து, கன்ட்ரோலரின் வலது பாதியைப் பிடித்து, குமிழின் மேல் தன் கட்டைவிரலை வைத்தாள். முதல் தடவை விரல் வழுக்கியது. இரண்டாவது தடவையும். மூன்றாவது தடவை கேமரா ஆடி ஆடித் திரும்பி, இடதுகைக்காரனின் மூஞ்சியைக் காட்டியது. அவன் எங்களைக் கொன்றான். ஆனால் இந்தத் தடவை முகத்தைப் பார்த்துக்கொண்டே செத்தோம்.

அப்படித்தான் ஆரம்பித்தது. ஒரு கன்ட்ரோலர், இரண்டு பேர். இடது பாதி நான், வலது பாதி அவள். அடிப்பது, உருள்வது, பார்ப்பது எல்லாம் வலது பக்கம் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. என் வேலை நடப்பது மட்டும். அதையும் சரியாகச் செய்யவில்லை என்று திட்டு வாங்கினேன். "நான் திரும்பறேன்ல, நீங்க இன்னாத்துக்கு ஓடறீங்க?" என்பாள். வீட்டில் குறை சொல்கிற ஆள் மாறிவிட்டது.

எனக்குப் பயமும் வந்தது. தைத்த தசைநார் மறுபடி அறுந்துவிட்டால்? சனிக்கிழமை கன்ட்ரோலரை டிபன் பையில் போட்டுக்கொண்டு வேலூர் பஸ் ஏறினோம். ஆஸ்பத்திரி வாசலில் செக்யூரிட்டி பையைத் திறந்து பார்த்து, சின்னப் பையனுக்கா என்று கேட்டார். ஆமாம் என்றேன், பொய்யில்லை, அந்தப் பையன் நான்தான்.

பூங்குழலி மேடம் அதை வாங்கிக் குமிழை நாலு பக்கமும் தள்ளிப் பார்த்தார். எவ்வளவு இறுக்கம், எவ்வளவு நேரம் என்று கேட்டார். பிறகு என்னைப் பார்த்தார்.

"கேம் எப்படி இருக்கு?"

"கேமரா மோசம் மேடம். திருப்பிக்கிட்டே இருக்கணும்."

"அப்ப நல்லது," என்றார்.

அரைமணி நேரத்துக்கு மேல் வேண்டாம், வலித்தால் உடனே நிறுத்த வேண்டும், மாவு பிசைவதையும் விடக் கூடாது என்றார். ஷர்மிளா எல்லாவற்றுக்கும் சரி என்றாள். வீட்டுக்கு வந்து டப்பாவைத் திறந்தாள்.

எனக்கு இன்னொன்றும் புரிந்தது. காட்டுக்கும் பாலத்துக்கும் அலைகிற அந்த அரைமணி நேரமும் என் கண் இரண்டும் டிவியில் மாட்டிக்கொண்டிருந்தன. கண்ணை எடுத்தால் பள்ளத்தில் விழுவோம். மார்ச்சுக்குப் பிறகு, யாரும் பார்க்காமல் அவள் விரல் அதன் பாட்டுக்கு இருந்த நேரம் அதுதான். ஃபிரிட்ஜில் இருந்த ஷீட்டை நான் கிழித்துப் போட்டேன்.

ஜூன் நடுவில் பாலத்தைக் கடந்தோம். வணங்குகிற கிழவனை அவள் தனியாகவே வீழ்த்தினாள், நான் அவனைச் சுற்றி நடந்து கொடுத்தேன். கோட்டைக்குள் எல்லாம் குறுகலான அறைகள். கேமரா வெளியே இருந்ததைவிட இன்னும் மோசம். சந்தோஷமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்ததும், அறைகளுக்குள் வழி தெரியாமல், காஷிஃபை ஃபோனில் கேட்டேன். நெட் கனெக்ட் பண்ணுங்கண்ணா, உள்ளேயே குறிப்பு வரும் என்றான். என் ஃபோன் ஹாட்ஸ்பாட்டில் கன்சோலை இணைத்தேன். அதே நேரம் ஃபோனில் ஒரு மெயில் வந்தது. அந்தக் கம்பெனிதான். என்னுடைய விரிவான கருத்துக்கு நன்றியாம். என்னைப் போன்ற பலர் சொன்னதை ஏற்று, புதிய அப்டேட்டில் கேமராவைச் சரிசெய்துவிட்டார்களாம். இனி எதிரி எங்கே இருந்தாலும் கேமரா தானாகவே திரும்பிக்கொள்ளும். விளையாடுகிறவர் குமிழைத் தொடவே வேண்டியதில்லை.

டிவியைப் பார்த்தேன். அப்டேட் இறங்குகிறது, அறுபத்தெட்டு சதவீதம்.

என் பதினாலு வருஷ சர்வீஸில் நான் ஒட்டிய ஓர் அம்பைக்கூடப் பிய்த்ததில்லை. அன்றைக்கு ஃபோனை எப்படி அணைப்பது என்று தெரியாமல் இரண்டு தடவை கீழே போட்டேன். எழுபத்தொன்றில் நின்றது. கன்சோலின் பிளக்கையும் பிடுங்கினேன்.

ஷர்மிளா சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லித்தான் ஆக வேண்டும். பதினேழு குறைகளையும் சொன்னேன். முதல் குறை எது, அதை உடனே சரிசெய்யச் சொல்லி எழுதியது யார் என்பதையும் சொன்னேன். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வரும்வரை.

"நல்லதுன்னு நெனைச்சுதான் எழுதனீங்க," என்றாள் கடைசியில். "இனிமே யாருக்கும் எழுதாதீங்க."

அதற்குப் பிறகு அந்த கன்சோல் எங்கள் வீட்டில் நெட் வாசனை பார்க்கவில்லை. ஜூன் கடைசியில் காஷிஃப் கல்யாணம். நாலு நாள் கழித்து, பெண்ணுக்கே கேம் பிடிக்குமாம் என்று அசடு வழிந்துகொண்டே வந்து வாங்கிப்போனான். கோட்டையின் கடைசி அறையை நாங்கள் பார்க்கவே இல்லை. மறுநாளே ஃபோன் செய்து, இப்போ கேமரா சூப்பராயிடுச்சுண்ணா என்றான். இருக்கட்டும், நல்லா இருக்கட்டும்.

கடைசியாக வேலூர் போனபோது கட்டைவிரல் நுனி மோதிரவிரலின் அடிவரைக்கும் வந்தது. சுண்டுவிரலைத் தொடவில்லை. பிடியில் பலம் வந்துவிட்டது என்றார் பூங்குழலி மேடம். வளைவு கொஞ்சம் கம்மிதான், இது தையலுக்குப் போதுமா என்பது மெஷினில் உட்கார்ந்தால்தான் தெரியும் என்றும் சொன்னார்.

ஜூலை முதல் திங்கள் இருவரும் ஒன்றாக ஃபேக்டரிக்குப் போனோம். அவள் தையல் ஹாலுக்குத் திரும்பினாள், நான் என் மேஜைக்கு. காலையிலிருந்து என் கையில் வந்த ஷூக்களில் என்ன இருந்தது என்று கேட்டால் எனக்குத் தெரியாது. அன்றைக்கு நான் பாஸ் செய்து அனுப்பியதை வாங்கியவர்கள் என்னை மன்னிக்க வேண்டும். மூன்று ஜோடி தைத்துக் காட்டச் சொல்வார்கள், ஒரு மணி நேர வேலை. பத்து மணிக்கு வந்து சொல்வாள் என்று நினைத்தேன், வரவில்லை. பதினொன்றுக்கும் வரவில்லை. சாப்பாட்டு பெல் அடித்தது. கேன்டீனில் இரண்டு டிபன் பாக்ஸையும் திறந்து வைத்து உட்கார்ந்திருந்தேன். எல்லாரும் வந்தார்கள், அவள் மட்டும் இல்லை. பேக்கிங் பக்கம் போயிருப்பாள், என் முகத்தில் விழிக்க வேண்டாம் என்று எங்காவது நின்று அழுதுகொண்டிருப்பாள் என்று தோன்றியது. டிபன் பாக்ஸை மூடாமலே எழுந்து போனேன்.

தையல் ஹால் காலியாக இருந்தது. ஒரே ஒரு மெஷின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. நிமிர்ந்த முதுகு, கடித்த உதடு. கட்டைவிரல் முன்பு பிடித்த மாதிரி பிடிக்கவில்லை. கொஞ்சம் சாய்ந்து, பக்கவாட்டில் தோலை அணைத்துத் திருப்பியது, குமிழைத் திருப்புகிற மாதிரி. தோல் திரும்பியது. முத்துமாரி அக்கா வாசலில் நின்று மோர் குடித்துக்கொண்டிருந்தார். ஆர்டர் நெருக்கடியாம், மூன்று ஜோடியைப் பார்த்ததுமே லைனில் உட்கார வைத்துவிட்டாராம். நான் அக்காவுக்கு நன்றி சொன்னேன். பிறகு பூங்குழலி மேடத்துக்கு, காஷிஃபுக்கு, அவன் மாமியார் வீட்டாருக்கு, எந்த நாட்டிலோ உட்கார்ந்து ஒரு கேமராவைச் சரியாகச் செய்யாமல் விட்ட அந்தப் புண்ணியவானுக்கு, எல்லாருக்கும் மனசுக்குள் சொன்னேன்.

உள்ளே போனால் திட்டுவாள் என்று வாசலிலேயே நின்றேன். தலையைத் தூக்காமலே நான் வந்ததைக் கண்டுபிடித்துவிட்டாள்.

"நீங்க போய் சாப்புடுங்க," என்றாள். "எனக்கு இன்னும் எட்டு ஜோடி இருக்குது."

போய்ச் சாப்பிட்டேன். அவள் பாக்ஸிலிருந்ததையும்.