ஒரு செபமாலை நேரம்

நமுனுகுலப் பக்கத்துத் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்தெடுத்த இருதயம்மாவின் மகள் நிஷாலினிதான் பதுளை ஆஸ்பத்திரியில் எம்.ஆர்.ஐ. படம் எடுக்கிறாள் என்றால், லயத்து வீடுகளில் பாதிப்பேர் இன்னும் நம்பமாட்டார்கள். அப்பா மத்தேயு விடுவாரா? பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவருக்கெல்லாம் சொல்லித் தீர்ப்பார். ஆனால் இன்று மெஷினுக்குள் படுத்திருந்தது அம்மா.

மூளையில் இரத்தம் கசிந்து விழுந்ததிலிருந்து இருதயம்மா ஒரு சொல் பேசவில்லை. "கசிஞ்ச இரத்தம் கரைஞ்சிட்டுது. ஆனா மூளையைக் கழுவுற நீர் சரியா ஓடேல்லை," என்றார் டொக்டர் இரகுநாதன். "இந்தப் படத்திலயும் தேங்கி நிண்டா, கொழும்புக்கு அனுப்பித் தலையில குழாய் வைக்கவேணும்."

"மழைக்குக் கான் அடைச்சுக்கிட்ட மாதிரிங்களா?" என்றார், தேயிலை மலையில் தண்ணீர் ஓடக் கான் வெட்டிய மத்தேயு.

"அதேதான்."

இன்று எடுத்த முதல் படம் ஆடிப்போயிருந்தது. "தாடை அசையுது," என்று டொக்டர் சலித்துக்கொண்டார். நிஷாலினி ஸ்பீக்கரில் காது வைத்தாள். உள்ளே முணுமுணுப்பு. செபமாலை! பேச்சே போன அம்மாவுக்குச் செபம் மட்டும் போகவில்லை. அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன. தோட்டத்துக் கோயிலில் முன்னால் நின்று ஒவ்வொரு செபத்திலும் முதல் பாதியைச் சொல்வது எப்போதும் அம்மாதான், மறுபாதிதான் மற்றவர்களுக்கு. அவளை நிறுத்தச் சொல்ல சாமியாருக்கே தைரியம் கிடையாது.

"அம்மா, இன்னைக்கு நான் முன்ன சொல்றேன். நீங்க பதிலை மனசுக்குள்ளயே சொல்லுங்க. வாய் அசையக்கூடாது."

ஆயுசில் முன்னால் நின்று சொல்லியிராதவள், அம்மாவின் காதில் மாட்டிய ஹெட்போன் வழியே சொன்னாள். முணுமுணுப்பு நின்றது. மெஷின் தடதடக்க, செபமாலையின் ஐந்து பகுதிகளான ஐந்து தேவ இரகசியங்களையும் சொல்லி முடித்துவிட்டதாகவே நினைத்தாள். படமும் முடிந்தது.

டொக்டர் பழைய படத்தையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "வடியத் தொடங்கிட்டுது. குழாய் வேண்டாம். நல்ல தெளிவான படம், பிள்ளை."

வெளியே மத்தேயு முன்பின் தெரியாதவர்களிடம், "எம் மக எடுத்த படங்க!" என்று ஆரம்பித்திருந்தார்.

பெருமையில் நெஞ்சு நிமிர, நிஷாலினி அம்மாவைத் தூக்கி உட்கார வைத்தாள். இருதயம்மா மகளை முறைத்தாள். நாக்குப் புரண்டு, திக்கித் திக்கி, செபமல்லாத முதல் பேச்சு வந்தது.

"மூணாவது தேவ ரகசியம்... விட்டுட்ட."

நிஷாலினி ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள்.

"அப்பா, வாங்க! அம்மா என்னய ஏசுறாங்க!"