சராசரி ஓடிய இருபத்திரண்டு கஜம்

எங்கள் துறை அணியின் தொடக்க ஆட்டக்காரனுக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. மூன்று வருடமாக யாரும் எடுத்துப் புழங்காததால் அது துருப்பிடித்துக் கிடக்கிறது. நாங்கள் அவனைச் சராசரி என்றுதான் கூப்பிடுவோம். அவுட் ஆகித் திரும்பும்போது கையுறையைக் கழற்றுவதற்கு முன்பே ஸ்கோர் மேசைக்குப் போய், "அண்ணே, இப்ப என் சராசரி எவ்வளவு?" என்று கேட்பான். அணி ஜெயித்ததா தோற்றதா என்பதை மறுநாள் யாராவது சொன்னால் கேட்டுக்கொள்வான்.

ஸ்கோர் எழுதுபவர் எங்கள் இயற்பியல் ஆய்வகத்தின் உதவியாளர், லேப் அண்ணன். தசமத்துக்குப் பின் நாலு இலக்கம் எழுதாவிட்டால் அவருக்கு அன்று தூக்கம் வராது. இருவரும் ஒருவருக்காகவே ஒருவர் பிறந்தவர்கள்.

என்னைக் கோழி என்பார்கள். நான் பதினோராவது ஆள். மூன்று வருடத்தில் பதினோரு முறை மட்டையோடு இறங்கியிருக்கிறேன்; பதினோரு முறையும் முட்டை. என் தங்கை வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு தாளை ஒட்டி, ஆட்டத்துக்கு ஒன்றாக முட்டை வரைந்து வந்தாள். நான் அவுட் ஆன ஏழும் உடைந்த முட்டைகள். நாட் அவுட்டாக நின்ற நாலும் முழு முட்டைகள். வீட்டுக்கு யார் வந்தாலும் என் விளையாட்டு வாழ்க்கையைப் பார்த்துவிட்டுத்தான் தண்ணீர் பாட்டிலை எடுக்க முடியும். "இன்னும் ஒண்ணு போட்டா டஜன் கணக்கு சரியாயிடும்" என்றார் அம்மா. பெற்ற தாய்.

இப்போது இறுதியாண்டு. துறைகளுக்கு இடையிலான கோப்பையின் கடைசி ஆட்டம், வணிகவியல் துறையோடு. எனக்கு வேண்டியது ஒரே ஒரு ரன். கோப்பை கிடைத்தாலும் சந்தோஷம்தான்; ஆனால் அதைத் துறைத்தலைவர் தன் அறை அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவார். கோழி என்ற பெயர் என்னோடு வீட்டுக்கு வரும், வேலைக்கு வரும், அறுபது வயதில் ஓய்வு பெறும்போது மேடையில் எவனாவது ஒருவன் ஞாபகமாகச் சொல்லித் தொலைப்பான்.

அன்று காலை சராசரிதான் எங்களைச் சுற்றி நிற்கவைத்துப் பேசினான். "மச்சான்களா, தனி ஆள் முக்கியமில்ல. டீம்தான் முக்கியம். எல்லாரும் விட்டுக்கொடுத்து ஆடணும்." எல்லாரும் என்றால் மற்ற பத்துப் பேர் என்பது எங்களுக்குப் புரிந்தது. அதன்பின் களமிறங்கி மூன்று பேரை ரன் அவுட் ஆக்கினான். பாதி தூரம் வரை வா வா என்று கூப்பிட்டுவிட்டு, அப்புறம் மனசு மாறி முதுகைத் திருப்பிக்கொள்வது அவன் வழக்கம். மூன்றாவதாகப் போனவன் மட்டையைத் தூக்கி எறிந்துவிட்டு, "இவனுக்கு ரன்னர் வேணாம்டா, வேண்டுதலுக்கு வெட்டுற ஆடுதான் வேணும்" என்று சொல்லியபடி வந்து உட்கார்ந்தான்.

பத்தாவது ஆளின் ஸ்டம்ப் பறந்தபோது நான் கால்காப்புப் பட்டையை மாற்றிக் கட்டிக்கொண்டிருந்தேன். கேப்டன் ஓடிவந்தான்.

"டேய் கோழி, நிலவரம் தெரியுமா?"

"ஸ்கோர் சமம். இன்னும் ஒரு ரன் எடுத்தா கப்பு நமக்கு."

"அது கிடக்கட்டும். அவன் தொண்ணூத்தாறுல நிக்கிறான். இந்த ஓவர்ல மூணு பால் பாக்கி. மூணையும் கட்டை போடு. கடைசி ஓவர்ல அவன் ஃபோர் அடிச்சு நூறோட முடிப்பான்."

"நான் ஒரு ரன் எடுத்தா இப்பவே முடிஞ்சிடுமே?"

"இந்த நேரத்துல சுயநலமா யோசிக்காதடா!"

கேப்டன் மூன்று வருடமாகச் சராசரியின் பைக்கில் பின்சீட்டில் உட்கார்ந்து கல்லூரிக்கு வருபவன். பஸ் நிறுத்தம் அவன் வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர். தலைமைப் பண்பு என்பது அந்த இரண்டு கிலோமீட்டருக்குள் அடங்கிவிட்டது.

நான் இறங்கினேன். பந்துவீசும் முனையில் அம்பயராக நின்றவர் எங்கள் பி.டி. சார். அவர் அறைச் சுவரில் ஒரு மரப்பலகை இருக்கிறது. ஒரே பருவத்தில் அதிக சதம்: ஐந்து. அதற்கு நேரே இருக்கும் பெயர், இருபத்தாறு வருடத்துக்கு முன் இங்கே படித்த பி.டி. சாருடையது. தினமும் காலையில் தன் சொந்தத் துண்டால் அதைத் துடைப்பார். பக்கத்தில் உள்ள பலகைகளை ஒட்டடை பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவார். இந்தப் பருவத்தில் சராசரியும் ஐந்து அடித்துவிட்டான். இன்றைக்கு அடித்தால் ஆறு. காலையிலிருந்து சாருக்கு முகத்தில் ஈயாடவில்லை.

முதல் பந்து. கட்டை போட்டேன் என்று சொல்லிக்கொள்கிறேன். உண்மையில் பந்து ஸ்டம்பைத் தொடாமல் அதன் விருப்பப்படி போயிற்று.

இரண்டாவது பந்து ஃபுல் டாஸ். கொய்யாப்பழத்தைத் தூக்கிப் போட்டு, பிடிச்சுக்கோ என்பது போல வந்தது. இடது பக்கம் ஒரு ஈ காக்கை இல்லை. என் தங்கை அடித்திருப்பாள். அம்மா கரண்டியோடு வந்து அடித்திருப்பார். நான் மட்டையைத் தரையில் ஊன்றி அதைச் சாகடித்தேன். பந்து போட்டவனுக்கே மனசு கேட்கவில்லை.

"ப்ரோ, என்ன ப்ரோ? உடம்பு சரியில்லையா?"

சராசரி நடுவே வந்து கையுறையால் என் மட்டையைத் தட்டினான். "சூப்பர் மச்சான். இதுதான் டீம் ஸ்பிரிட். இன்னும் ஒரே பால். உன் பேரு என்னைக்கும் நிக்கும்."

"எந்தப் பேரு?"

"என்னடா கேள்வி? கோழிதான்."

அவன் நல்ல எண்ணத்தில்தான் சொன்னான். அதுதான் என்னைக் கெடுத்தது.

மூன்றாவது பந்து சாதாரணமாக வந்தது. நான் அடித்தேன். மட்டையின் நடுவில் பட்டால் ஒரு சத்தம் வரும், தெரியுமா? அதுவரை நான் அதை அடுத்தவன் மட்டையில்தான் கேட்டிருந்தேன். பந்து வலது பக்க ஃபீல்டரைப் பார்த்து உருண்டது. "ரன்!" என்று கத்திக்கொண்டே ஓடினேன்.

எதிர்முனையில் சராசரி போக்குவரத்துக் காவலர் மாதிரி கையை உயர்த்தி நின்றான். "வேணாம்! போ! திரும்பிப் போ!" நான் நிற்கவில்லை. அவன் பக்கத்திலேயே போய்க் கோட்டுக்குள் நின்றேன். இப்போது இரண்டு பேரும் ஒரே முனையில். ஃபீல்டர் பதற்றத்தில் எறிந்த பந்து விக்கெட் கீப்பரின் தலைக்கு மேல் பறந்து, எல்லைக்கோட்டைப் பார்த்து உருண்டது. கீப்பர் கால்காப்பு தடதடக்க அதன் பின்னால் ஓடினான்.

"டேய், போடா! இன்னும் டைம் இருக்கு!" என்றான் சராசரி.

"நீ போ. உன் முனை அதுதான்."

"நான் போனா மேட்ச் முடிஞ்சிடும்டா!"

"அதுக்குத்தானேடா எல்லாரும் வந்திருக்கோம்!"

"உனக்கு டீம் ஸ்பிரிட்டே கிடையாதா?"

நான் உட்கார்ந்துவிட்டேன். கோட்டுக்குள், சம்மணம் போட்டு, மட்டையை மடியில் வைத்துக்கொண்டு. கீப்பர் எல்லைக்கோட்டருகே பந்தைக் குனிந்து எடுப்பது தெரிந்தது. வெளியே கேப்டன் தலையில் கைவைத்துக் கத்தினான். யாரைத் திட்டினான் என்று தெரியவில்லை. பைக் யாருடையது என்பதை வைத்துப் பார்த்தால் என்னைத்தான்.

நான் ரன் அவுட் ஆனால் ஆட்டம் சமனில் முடியும். கோப்பையை ஆளுக்கு ஆறு மாதம். சராசரி தொண்ணூற்றாறு நாட் அவுட். அவன் ஓடி நாங்கள் ஜெயித்தாலும் அவன் அதே தொண்ணூற்றாறு நாட் அவுட்தான். அணி ஜெயிப்பதைத் தவிர, ஓடுவதால் அவனுக்கு எந்த லாபமும் இல்லை. ஆகவே அவன் ஓடவில்லை.

அப்போதுதான் பி.டி. சார் தொண்டையைச் செருமினார். முகத்தில் காலையிலிருந்து காணாமல் போயிருந்த ஈ திரும்ப வந்திருந்தது.

"ரெண்டு பேரும் ஒரே பக்கம் நின்னா, யாரு அவுட்னு அம்பயர்தான் சொல்லணும்" என்றார், மேகத்தைப் பார்த்து. பிறகு சராசரியைப் பார்த்தார். "எனக்கு என்னமோ உன்னைத்தான் கொடுக்கணும்னு தோணுது தம்பி."

சராசரியின் உதடு அசைந்தது. அவன் கணக்குப் போடுகிறான் என்பது எங்கள் அணியில் எல்லாருக்கும் தெரியும். மொத்த ரன், வகுத்தல் எத்தனை முறை அவுட். இன்னொரு அவுட் சேர்ந்தால் கீழே உள்ள எண் கூடும்; மேலே உள்ளது கூடாது. ஏறக்குறைய இரண்டு நொடி ஆனது. லேப் அண்ணனுக்கே கால்குலேட்டர் தேவைப்படும் கணக்கு.

ஓடினான் பாருங்கள். வீட்டில் அடுப்பை அணைக்காமல் வந்தவன் ஓடுவது போல ஓடினான். கீப்பர் அந்தப் பக்கமிருந்து பந்தோடு வருகிறான், இவன் இந்தப் பக்கமிருந்து போகிறான். கடைசி மூன்று கஜத்தை வயிற்றாலேயே கடந்தான். மூன்று வருடத்தில் அவன் சட்டையில் மண் பட்டது அதுதான் முதல்முறை. கீப்பர் ஸ்டம்பைத் தட்டும்போது மட்டை கோட்டுக்குள் இருந்தது.

ஜெயித்துவிட்டோம். கேப்டன் என்னைத் தாண்டி ஓடிப்போய்ச் சராசரியைத் தோளில் தூக்கினான். "நூறை விட்டுக்கொடுத்துட்டு ஓடினான்டா என் மாப்ள!" துறைத்தலைவர் கோப்பையைக் கொடுக்கும்போது, இந்தக் காலத்து இளைஞர்களிடம் இப்படி ஒரு தியாகத்தைத் தான் பார்த்ததில்லை என்றார். சராசரி மூக்கில் ஒட்டிய மண்ணோடு மைக்கைப் பிடித்து, "தனி ஆள் முக்கியமில்ல" என்று ஆரம்பித்தான். ரன் அவுட் ஆன மூன்று பேரும் அந்த நேரம் பார்த்து டீ குடிக்கப் போனார்கள்.

பி.டி. சார் ஸ்டம்புகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். வாயில் ஏதோ மெட்டு.

"சார், சட்டப்படி யாரு சார் அவுட்?"

"இதிலென்ன சந்தேகம், நீதான்டா. அவன் கோட்டை விட்டு நகரவே இல்லையே."

"அப்போ ஏன் சார் அவன்கிட்ட..."

"எனக்குத் தோணுதுன்னுதானே சொன்னேன்? ஒரு மனுஷனுக்கு என்ன வேணாலும் தோணலாம்." ஸ்டம்புகளைத் தோளில் போட்டுக்கொண்டு தன் அறைப்பக்கம் நடந்தார். துண்டு ஏற்கெனவே கையில் இருந்தது.

"கோழி குஞ்சு பொரிச்சிடுச்சுடோய்!" என்று யாரோ கத்தினார்கள். ஆக, பெயர் போகவில்லை. பரவாயில்லை, குடும்பம் பெரிதாகியிருக்கிறது.

தங்கைக்குச் சொல்லலாம் என்று போனை எடுக்கப் போனேன். கால் வேறு பக்கம் போயிற்று. கையுறையைக் கூடக் கழற்றவில்லை.

"அண்ணே" என்றேன், ஸ்கோர் மேசை மேல் சாய்ந்து. "இப்ப என் சராசரி எவ்வளவு?"

லேப் அண்ணன் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னை ஒரு முறை பார்த்தார். பென்சிலைச் சீவினார். ஒரு ரன், வகுத்தல் ஏழு.

"பூஜ்யம் புள்ளி ஒண்ணு நாலு ரெண்டு எட்டு."

"அவ்வளவுதானாண்ணே? அதுக்கு அப்புறம் ஒண்ணும் வரலையா?"