ஒரே முகத்தில் லோபாத்தோ குடும்பம்

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. எங்கள் லோபாத்தோ குடும்பத்தைப் பற்றி ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டுப் போர்ட்டோ-நோவோவில் யாராவது தப்பாக எழுதுவதற்குள் நானே சரியாக எழுதிவிட உட்கார்ந்தேன். முதல் வரி: 'பிரேசிலில் அடிமையாக இருந்து, விடுதலை பெற்று, கப்பலேறித் தாய்மண் திரும்பிய எங்கள் மூதாதை...'

அடித்துவிட்டேன். திரும்பி வந்த அவர் இங்கே ஆட்களை அடிமைகளாக விலைக்கு வாங்கினார். அவர்களும் லோபாத்தோ என்றே பெயர் வைத்துக்கொண்டார்கள். இன்று யார் எந்த வழி வந்தவர் என்று எங்கள் வீட்டில் கேட்பதில்லை.

2

எங்கள் வீட்டுப் பெண் ஒர்த்தான்ஸ் துணியை வெட்டித் தைத்துப் படமாகக் கதை சொல்பவள். பிரேசிலிலிருந்து மூதாதையர் கொண்டுவந்த பொன்ஃபிம் திருநாளுக்கு முற்றத்தில் தொங்கவிடக் குடும்பக் கதையைத் தைத்தாள். தலைகளுக்கெல்லாம் ஒரே அட்டையை வைத்து வெட்டினாள். கப்பலில் நிற்பவருக்கும், சந்தையில் கயிற்றில் கட்டுண்டு விலைக்கு நிற்பவர்களுக்கும் ஒரே முகம்.

பெரியப்பா கைத்தடியால் துணியைத் தொட்டார். (பெரியப்பா நான்தான். கதைக்குள் 'அவர்' என்றே எழுதுவேன். மரியாதை என்று ஒன்று இருக்கிறது.)

"இதுல நம்ம மூதாதை யாரும்மா?"

"எல்லாருந்தான், பெரியப்பா."

"வாயடிக்காதே. நாளைக்கு ஊரே வந்து பாக்கும். அவருக்கு ஒரு தொப்பியாவது வை."

விருந்துக்குப் பீன்ஸ் கழுவிக்கொண்டிருந்த செவெரின் சிரித்தான். அவனும் லோபாத்தோதான்.

"அண்ணே, ஒருத்தருக்குத் தொப்பி வெச்சா மத்தவங்க யாருன்னு கேப்பாங்களே! தொப்பியில்லாதவன் பேரன் நாளைக்கு எங்க உக்காந்து சாப்பிடுவான்? சட்டிக்குள்ளயா?"

ஒர்த்தான்ஸ் சிரிக்கவில்லை. பெரியப்பா சம்மதிக்காத துணி அந்த முற்றத்தில் ஏறாது. ஒரு வருட உழைப்பு. கறுப்புத் துணியில் சின்னதாக ஒரு தொப்பி வெட்டினாள். ஊசியில் நூல் கோத்தாள்.

"தைச்சுடறேன். யார் தலையிலன்னு நீங்களே விரலை வைங்க. செவெரின் சித்தப்பா முன்னாடியே வைங்க."

3

பெரியப்பா விரலை நீட்டினார். விரல் கப்பலை நோக்கி...

[இந்த வாக்கியத்தை மூன்று முறை தொடங்கினேன்.]

ஒரு முடிவில் விரல் கப்பல்காரர் மேல் பதிகிறது. செவெரின் கையைத் துடைத்துக்கொண்டு வெளியேறுகிறான். இன்னொன்றில் பெரியப்பா தொப்பியைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறார். திருநாளன்று ஊர் கேட்கும்போது பதில் சொல்லாமல் நிற்கிறார். குடும்ப மானத்தைக் காப்பது எது என்பதில் எனக்கும் ஒர்த்தான்ஸுக்கும் ஒத்துப்போகவில்லை.

ஆகவே விரல் நீட்டியபடியே இருக்கட்டும். உங்களுக்குச் சரியென்று படும் இடத்தில் நீங்கள் இறக்குங்கள். இறக்கி முடித்ததும் இந்தக் கதையைச் செவெரினிடம் படித்துக் காட்டுங்கள். நான் இன்னும் காட்டவில்லை.