எக்ஸ்ரே எழுதிக் கொடுத்த மதிப்பு

பழைய எலெக்ட்ரிக் கிட்டார்களுக்கு விலை மதிப்பிடும் அவருக்குக் கடைக்காரர்கள் வைத்த பெயர் எக்ஸ்ரே. விற்பவர், வாங்குபவர் இருவருமே அவர் எழுதித் தரும் ஒரு பக்கக் காகிதத்தைத்தான் நம்பினார்கள். 'அசல்' என்று அவர் எழுதிவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை.

அன்று மதியம் அவர் போன வீடு ஐந்தாவது மாடியில் இருந்தது. லிஃப்ட் ஓடவில்லை. கதவைத் திறந்த பெண்மணி ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பு வேலை பார்ப்பவர். பஸ் ஓட்டுநராக இருந்த கணவர் இறந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. கொழுந்தனும் வந்திருந்தார். அண்ணனின் கிட்டாரை வாங்க வெளியூர்க்காரர் ஒருவரைத் தேடிப் பிடித்தது அவர்தான். மறுநாள் காலையில் ஆள் வந்துவிடுவார்.

"மாடி ஏறினதுக்கே உங்களுக்குத் தனியா ஃபீஸ் தரணும் சார்" என்றார் கொழுந்தன்.

"இறங்குறதுக்கும் சேர்த்துக் குடுங்க."

சாப்பாட்டு மேசைமேல் பெட்டி இருந்தது. அந்தப் பெண்மணியே பூட்டுகளைத் திறந்தார். "ஆறு வருஷம் ஓவர்டைம் பார்த்து வாங்கினார் சார். எங்களுக்குள்ள எந்தச் சண்டை வந்தாலும் கடைசியில இதுலதான் வந்து நிக்கும்."

அறுபது வருடத்துக்கு மேற்பட்ட கிட்டார். எக்ஸ்ரே கம்பிகளைத் தளர்த்தினார், திருகுகளைக் கழற்றி வரிசையாக ஒரு துணிமேல் வைத்தார். உள்ளே ஒயர்களைப் பற்றவைத்த ஈயம் மங்கிக் கிடந்தது. யாரும் கைவைத்த தடம் இல்லை. கம்பிகளின் ஒலியைப் பிடிக்கும் பிக்கப்புகள் கிட்டார் பிறந்த நாளிலிருந்து அங்கேயே இருந்தவை. சரி, சரி என்று அவர் குறித்துக்கொண்டே போக, கொழுந்தனின் முகம் மலர்ந்துகொண்டே போனது.

பிறகு ஜன்னல் திரைகளை இழுத்துவிடச் சொல்லிவிட்டு நீல விளக்கைக் கையில் எடுத்தார். அந்த வெளிச்சத்தில் பழைய வார்னிஷ் வெளிர்பச்சையாக மினுங்கும். பின்னால் பூசியது கறுப்பாகத் தெரியும். உடல் முழுக்கப் பச்சையாக மினுங்கியது. விளக்கு கிட்டாரின் கழுத்துப் பின்புறம் ஏறி, கம்பிகளை முறுக்கும் தலையைத் தொடும் இடத்துக்கு வந்ததும் நின்றது. அங்கே மை கொட்டியதுபோல உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பு.

அந்தக் கறுப்பை அவருக்குத் தெரியும். அதன் ஓரத்தில் அரிசி அளவுக்கு வைத்து ஒட்டிய மரச்சில்லையும் தெரியும்.

இருபத்திரண்டு வருடங்களுக்கு முன், ஒரு பெரிய கடையின் பின்னறையில் அவர் கூலிக்கு இருந்தார். முதலாளி கொண்டுவந்து போட்ட கிட்டாரின் தலை முறிந்து தொங்கியது. ஒன்பது நாள் உட்கார்ந்து அதை ஒட்டி, இழைத்து, கண்ணுக்குத் தெரியாதபடி நிறம் ஏற்றினார். "வாங்குறவங்க கிட்ட சொல்லித்தான் விப்பேன்" என்றார் முதலாளி. சொல்ல மாட்டார் என்பது இவருக்கு அப்போதே தெரியும். சொல்லத்தான் போகிறார் என்றால் அந்த ஒன்பதில் ஐந்து நாள் நிறத்துக்கு மட்டும் எதற்கு?

"என்ன சார், ஏதாவது பிரச்சினையா?" என்றார் கொழுந்தன்.

விளக்கை அணைத்துவிட்டால் முடிந்தது. அந்தக் கறுப்புக்கு என்ன அர்த்தம் என்று அங்கே இருந்த இருவருக்கும் தெரியாது. எக்ஸ்ரே விளக்கை அணைத்தார். போய்த் திரையைத் தானே விலக்கினார்.

"கழுத்து உடைஞ்சு ஒட்டியிருக்கும்மா. விலை பாதிக்கும் கீழ போயிடும்." நீல விளக்கை மேசைமேல் வைத்தார். "ஒட்டினது நான்தான்."

கொழுந்தன் எழுந்துவிட்டார். அந்தப் பெண்மணி உட்கார்ந்தபடியே கேட்டார்: "இதை வாங்கினப்ப அவருக்குத் தெரியுமா?"

"தெரியாது. தெரியக்கூடாதுன்னுதான் அந்த வேலையையே செஞ்சேன்."

அந்தப் பெண்மணி கிட்டாரின் கழுத்தில் கையை வைத்தார். "மழைக்காலத்துல இதை வெளிய எடுக்கவே மாட்டார் சார். புள்ளைங்களைக் கிட்டவே விடமாட்டார். உடைஞ்சிடும், உடைஞ்சிடும்னு."

எக்ஸ்ரே திருகுகளை ஒவ்வொன்றாகத் திரும்பப் பூட்டத் தொடங்கினார்.

"அண்ணி, நான் சொல்றதக் கேளுங்க" என்று கொழுந்தன் குரலைத் தாழ்த்தினார். "இத்தனை வருஷம் அண்ணனுக்கே தெரியல. நாளைக்கு வர்றவனுக்கு மட்டும் எப்படித் தெரியும்? சார் அசல்னு ஒரு வரி எழுதினா வேலை முடிஞ்சுது. சாருக்கும் அதுதானே நல்லது? தன் தலையில தானே மண்ணை வாரிப் போட்டுக்குவாரா?"

"தம்பி, நாளைக்கு வர்றவருக்கும் ஒரு பொண்டாட்டி இருப்பா இல்ல?"

கொழுந்தன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"குறையுற விலையை நான் குடுத்துடறேன்மா" என்றார் எக்ஸ்ரே. "மொத்தமா முடியாது. மாசாமாசம்…"

"உங்க காசு எனக்கு வேணாம். அப்புறம் மாசாமாசம் உங்க முகத்தைப் பார்க்கணும்." குரல் முதன்முறையாக உடைந்தது. "உடைஞ்சதுன்னு எழுதுங்க. யார் ஒட்டினாங்கன்னும் எழுதுங்க. பேர் போட்டு எழுதுங்க."

எழுதினார். வழக்கமாகப் பத்து நிமிடத்தில் முடியும் காகிதம் அன்று ஒரு மணி நேரம் எடுத்தது. அந்தப் பெண்மணி இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டு, மடித்துப் பெட்டிக்குள் வைத்தார். கதவு வரை வந்து வழியனுப்பவில்லை.

மறுநாள் வந்தவர் காகிதத்தைப் படித்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். மூன்று வாரம் கழித்து, மேடையில் வாசிக்கும் ஒரு பெண் வந்தாள். உடைந்ததா ஒட்டியதா என்பதைப் பற்றி அவளுக்குக் கவலையில்லை. அரைமணி நேரம் வாசித்துப் பார்த்துவிட்டு, பாதிக்கும் குறைந்த விலைக்கு வாங்கிக்கொண்டு போனாள்.

அதற்குள் அந்தக் காகிதத்தின் நகல் கடைகளுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. இரண்டு கடைகள் எக்ஸ்ரேவைக் கூப்பிடுவதை நிறுத்தின. இன்னொரு கடைக்காரர் போனிலேயே கத்தினார்: "ஊரு முழுக்க எங்க உடம்புல முறிவு தேடினீங்க. உங்க உடம்புலயே இருந்திருக்கு!"

அந்தப் பின்னறையில் அப்படி அவர் ஒட்டியவை மொத்தம் நான்கு. மீதி மூன்றைத் தேடத் தொடங்கினார். முதலாவதன் சொந்தக்காரர் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினார். இரண்டாமவர் உள்ளே கூப்பிட்டு, எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "விக்கப் போறதில்ல சார், என் மகன் வாசிக்கிறான்" என்று டீ கொடுத்து அனுப்பினார்.

மூன்றாவது யாரிடம் இருக்கிறது என்று இன்னும் தெரியவில்லை. விசாரித்துக்கொண்டிருக்கிறார்.