பொறுப்புக்கு ஒரு ஆள்

வெள்ளத்தாயின் மகன் சங்கையாவைத் திட்டாத வாய் ராஜபாளையத்தில் கிடையாது. சஞ்சீவி மலையைச் சுற்றி அவன் ஏறாத மாமரமும் கிடையாது, டிக்கெட் எடுத்து ரயிலேறிய வழக்கமும் கிடையாது. தகப்பன் செத்துப்போனான். தாய் விடிந்ததும் ஜின்னிங் பாக்டரிக்குப் பஞ்சு பிரிக்கப் போய்விடுவாள். பிள்ளை தானாக வளர்ந்தான். தானாக வளர்வது எது நேராக வளர்ந்திருக்கிறது? ஜெர்மன் சண்டை நடந்துகொண்டிருந்த அந்தச் சித்திரையில் ஒரு தோப்பில் கல்லெறிந்தான். கல் மாங்காயை விட்டுவிட்டுக் காவல்காரர் மண்டையைப் பார்த்தது. கேஸ் ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்குப் போய்விட்டது.

வெள்ளத்தாய்க்கு இந்த உலகத்தில் இருந்த ஒரே துணை அவள் அண்ணன் சுந்தரபாண்டியன். பட்டாளத்து ஹவில்தாராக இருந்து பென்ஷனில் வந்தவர். அவருடைய மீசைக்கும் பூட்ஸுக்கும் மட்டும் இன்னும் பென்ஷன் கிடைக்கவில்லை. எல்லா வியாதிக்கும் அவரிடம் ஒரே மருந்துதான்.

"அடியாத மாடு படியாது தாயி. வடக்கே சர்க்கார் பள்ளிக்கூடம் ஒண்ணு இருக்கு. இவனை மாதிரிப் பயலுகளை அங்கேயே வச்சு, அடிச்சுத் திருத்தி, தொழிலும் கத்துக்குடுத்து அனுப்புதாக. நானும் பட்டாளத்துல அடி வாங்கித்தானே மனுசனானேன்?"

வெள்ளத்தாய்க்கு அந்தப் பள்ளிக்கூடத்தைப் பற்றி முன்பே தெரியும். அடுத்த வீட்டு ரோசம்மாளின் அக்கா மகன் பால்துரை அங்கே இருந்து வந்தவன்தான்.

"தொழில் கத்துக்கிட்டான், அதைப் பொய்யின்னு சொல்லப்படாது," என்று ரோசம்மாள் சொல்லியிருந்தாள். "இன்னைக்கு அவன் உளி பிடிச்சுத்தான் அந்தக் குடும்பமே கஞ்சி குடிக்கி. ஆனா சர்ச்சு மணி அடிச்சா போதும், சோத்துத் தட்டோட எந்திரிச்சு வெறைச்சுப்போய் நிக்கான். எங்க அக்கா அதைப் பாத்துப் பாத்து அழுவா."

அந்தச் சோற்றுத் தட்டு வெள்ளத்தாயின் கண்ணை விட்டுப் போகவே இல்லை. "எம் பிள்ளை எங்கிட்டயே இருந்து கெட்டுப்போகட்டும்ணே. அங்க மட்டும் வேண்டாம்," என்றாள் அண்ணனிடம்.

அவர் மீசையைத் தடவிக்கொண்டு யோசித்தார். பிறகு தலையாட்டினார். "சரி, உன் இஷ்டம். கோர்ட்டுல நம்ம ஊர்க்கூட்டத்துல பேசுத மாதிரியே பேசு. பிள்ளையை வாய்க்கு வந்தபடி ஏசு. மத்ததை நான் பாத்துக்கிடுதேன்."

ஊர்க்கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. தப்புச் செய்த பிள்ளையைப் பெற்றவள் நடுவில் வந்து நின்று, தன் பிள்ளையைத் தானே ஏச வேண்டும். 'இவன் எனக்குப் பிள்ளையே இல்லை, வெட்டிப் போடுங்கள்' என்று மண்ணை வாரித் தூற்ற வேண்டும். அவள் ஏச ஏசக் கூட்டத்தின் கோபம் வடியும். ஏசாமல் நின்றால் பிள்ளைக்கு வக்காலத்து வாங்குகிறாள் என்று ஏறும். கடைசியில் பெரியவர், "பொறுப்புக்கு ஆள் உண்டா?" என்று கேட்பார். தாய்மாமன் எழுந்து துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு "நான் இருக்கேன்" என்பார். அவ்வளவுதான், பிள்ளை வீட்டுக்குப் போகலாம். பெண்பிள்ளை பொறுப்பேற்று அந்தக் கூட்டத்தில் யாரும் பார்த்ததில்லை. ஏசியதெல்லாம் சும்மா என்பது அங்கே கைப்பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் வெள்ளத்தாய் கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டாள். சங்கையாவுக்குப் பயமே இல்லை. "கேஸ் முடிஞ்சதும் தேரைப் பாத்துட்டுப் போவோம்மா," என்றான். மாமா கூட வருகிறாரே, அவனுக்கு என்ன பயம்?

மேஜிஸ்திரேட் கண்ணாடி போட்ட இளவயதுக்காரர், தஞ்சாவூர்ப் பக்கத்து ஆள். "உன் மகன் உன் சொல்லுக்குக் கட்டுப்படுகிறானா?" என்று கேட்டார்.

வெள்ளத்தாய் மடை திறந்தாள். "இவனா சாமி? எங்குடியைக் கெடுக்க வந்த கோடாலிக்காம்பு! சோத்துக்கு வாரான், சொல்லுக்கு வரமாட்டான். இவனைப் பெத்த வயித்துல பெரண்டையை வச்சுத்தான் கட்டணும்!"

குமாஸ்தா தலை நிமிராமல் எழுதிக்கொண்டே இருந்தார். கூண்டில் நின்ற சங்கையா குனிந்து சிரிப்பை அடக்கினான். அம்மா இன்றைக்கு வெளுத்து வாங்குகிறாள் என்று அவனுக்குப் பெருமைதான்.

"அப்படியானால் இவனை வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது என்கிறாயா?"

"முடியாது சாமி, முடியாது! எங்கயாவது கொண்டுபோய்த் தள்ளுங்க!"

மேஜிஸ்திரேட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பையனுக்குப் பொறுப்பேற்க வேறு யாராவது உண்டா?"

ஊரில் கேட்கும் அதே கேள்வி. வெள்ளத்தாய் மூச்சு வாங்கியபடி நிம்மதியாகத் திரும்பினாள். சங்கையாவும் திரும்பினான். பின்பெஞ்சில் சுந்தரபாண்டியன் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். துண்டு தோளில் கிடந்தது. அவர் கண் எதிர்ச் சுவரில் இருந்தது.

"அண்ணே..." என்றாள். "அண்ணே, கேக்காகள்லா?"

சுவரில் அப்படி என்னதான் எழுதியிருந்ததோ, அவர் அதை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மேஜிஸ்திரேட் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இங்கிலீஷில் ஏதோ சொன்னார். சங்கையா பதினெட்டு வயது முடியும்வரை வடக்கே அந்தப் பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டும் என்று குமாஸ்தா தமிழில் வாசித்தார். பையனை அந்தப் பக்கத்துக் கதவு வழியாகக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

வெளியே வேப்பமரத்தடியில் அவள் அண்ணன் சட்டையைப் பிடித்தாள். அதுவரை அவர் முன்னால் உட்கார்ந்துகூடப் பேசாதவள். "ஏன் எந்திரிக்கல? சொல்லுங்க, ஏன் எந்திரிக்கல?"

"பெத்தவ வாயால வந்தாத்தான் கோர்ட்டு கேக்கும்னு நான் போய்ப் பாத்த வக்கீல் சொன்னாரு தாயி. அவன் நல்லதுக்குத்தான் செஞ்சேன். நாளைக்கு ஒரு தொழிலோட வந்து நிக்கும்போது என்னையக் கும்பிடுவ."

"அப்பொறம் எதுக்குச் சரின்னு தலையாட்டுனிய?"

"ஆட்டலைன்னா நீ அப்படிப் பேசியிருப்பியா?"

அவர் குரலில் குற்றம் செய்தவனின் நடுக்கம் துளிகூட இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. அவள் வாயைக்கொண்டே அவள் பிள்ளையைப் பிடித்துக் கொடுத்துவிட்டார், அதுவும் கூடப்பிறந்தவர். நம்பிக் கழுத்தை நீட்டியவளுக்கு இது வேண்டியதுதான் என்று தலையில் அடித்துக்கொண்டு உள்ளே ஓடினாள். "நான் பேசுனது நெசமில்ல சாமி, வழக்கத்துக்கு ஏசுனேன்," என்று குமாஸ்தாவிடம் கெஞ்சினாள்.

அவர் சிரித்துவிட்டார். "எழுதினது எழுதினதுதாம்மா. கோர்ட்டுல பொய் சொன்னேன்னு இப்பச் சொன்னா, உம்மேலயும் ஒரு கேஸ் வரும். பேசாம ஊருக்குப் போ."

தை பிறந்த பிறகுதான் பார்க்க அனுமதி கிடைத்தது. சேவு கட்டிக்கொண்டு தனியாகவே ரயிலேறினாள். அண்ணன் வீட்டு வாசலை அவள் மிதித்து மாதக்கணக்காகியிருந்தது.

மொட்டைத் தலையும் அரைக்கால் சட்டையுமாக வந்தான் சங்கையா. தோள் அகன்றிருந்தது. கெண்டைக்காலில் பிரம்புத் தழும்பு. காவலர் கைகாட்டிய பிறகுதான் பெஞ்சில் உட்கார்ந்தான்.

"மேசை செய்யப் படிக்கேன்," என்றான். "வேளாவேளைக்குச் சோறு போடுதாக."

சேவுப் பொட்டலத்தை அவன் தொடவில்லை. வெள்ளத்தாய் அதை அவன் பக்கம் நகர்த்தி வைத்தாள். "அய்யா, நான் ஊர்க்கூட்டத்துல ஏசுத மாதிரித்தான் ஏசுனேன். மாமா எந்திரிப்பாகன்னு நம்பி ஏசுனேன். சத்தியமா எனக்குத் தெரியாதுய்யா."

"தெரியும்மா. நானும் மாமாவைத்தான் பாத்துக்கிட்டு நின்னேன்."

அவளுக்கு உயிர் வந்தது. பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறது! அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். காய்ப்பேறிய அந்தக் கை அவள் கைக்குள் சும்மா கிடந்தது.

"அவியதான் எந்திரிக்கல," என்றான் சங்கையா தரையைப் பார்த்தபடி. "பொறுப்புக்கு ஆள் உண்டான்னு கேட்டப்போ, நான் இருக்கேன்னு நீ சொல்லியிருக்கலாமேம்மா."

வெள்ளத்தாய் வாயைத் திறப்பதற்குள் உள்ளே மணி அடித்தது. சங்கையா சட்டென்று கையை உருவிக்கொண்டு எழுந்து, விறைத்து நின்றான்.