மாமியார் ஏறினால் நிற்கும் வண்டி

பல் டாக்டரின் கார் அவருடைய கல்யாணத்துக்கு மூன்று வருஷம் மூத்தது. அதை வாங்கிய புதிதில், "கார்புரேட்டர் தொல்லையே இனி கிடையாது, இது இன்ஜெக்‌ஷன் வண்டி, எல்லாத்தையும் கம்ப்யூட்டர் பாத்துக்கும்" என்று தெருவில் நிற்க வைத்து ஆளாளுக்கு வகுப்பெடுத்தவர் அவர். இப்போது அதே கம்ப்யூட்டர் சில நாட்களில் சிக்னலுக்குச் சிக்னல் அவர் மானத்தை வாங்கிக்கொண்டிருந்தது.

ஓடும்போது ஒரு குறையும் இல்லை. நின்றால்தான் வினை. சிவப்பு விளக்கில் பிரேக்கை மிதித்ததும் இன்ஜின் குளிர்ஜுரம் கண்டதுபோல உதறும். ஸ்டியரிங் நடுங்கும். இரண்டு தரம் விக்கிவிட்டு உயிரை விடும். பச்சை விழுந்தபிறகும் அவர் சாவியைத் திருகிக்கொண்டிருக்க, பின்னால் ஹாரன் சத்தம் காதைக் கிழிக்கும்.

பட்டறைக்காரருக்குப் 'பொறுமை' என்று பெயர். பெற்றவர்கள் வைத்தது அல்ல. வாடிக்கையாளர்கள் கத்தும்போதெல்லாம் அவர் சொல்கிற ஒரே சொல் அது. முதல் தடவை பிளக்கை மாற்றினார். பத்து நாள் கழித்து பெட்ரோல் ஃபில்டர். பிறகு காயில். கம்ப்யூட்டரில் வயரைச் செருகிப் பார்த்தார். அது வாயே திறக்கவில்லை. வண்டியோ பட்டறைக்குள் நுழைந்ததும் பால் குடித்த பூனை மாதிரி ஆகிவிடும். அரைமணி நேரம் நிறுத்தி ஓடவிட்டாலும் ஒரு இருமல் கிடையாது.

"ஏசி போடறப்போ நிக்குதா சார்?"

"நான் ஏசியே போடறதில்லை." அது உண்மைதான். நாளெல்லாம் கிளினிக் குளிரில் கிடப்பவர், காரில் நான்கு கண்ணாடியையும் இறக்கிவிட்டுத்தான் ஓட்டுவார்.

"அப்போ வண்டில ஒண்ணும் இல்லை சார். உங்க மனசுல இருக்கு."

டாக்டருக்குச் சுருக்கென்றது. நாற்காலியில் சாய்ந்ததும் வலி போய்விட்டது என்கிற நோயாளிகளிடம் அவர் இருபது வருஷமாகச் சொல்லி வருவது அது.

விஷயத்தைக் கண்டுபிடித்தது அவர் மனைவி. துணி மடித்துக்கொண்டே யோசித்தவள், கையில் இருந்த சட்டையை அப்படியே போட்டுவிட்டு வந்தாள்.

"ஏங்க, போன செவ்வாக்கிழமை எங்க நின்னுச்சு?"

"கண் ஆஸ்பத்திரி போற வழில."

"அதுக்கு முன்னாடி?"

"பேங்க் சிக்னல். அதுக்கு முன்னாடி உங்க சித்தி வீட்டுக்குப் போறப்போ."

"மூணு தடவையும் பக்கத்துல யாரு உட்கார்ந்திருந்தா?"

டாக்டர் கதவைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "உங்கம்மா."

மாமியார் அவர்களோடு இருக்க வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருஷம் காதில் கருவி மாட்டி வேலை பார்த்தவர். யாரையும் அதிகம் தொந்தரவு செய்யமாட்டார்; ஆனால் அவர் எதிரே நின்றால், பொய் சொல்ல வந்தவர்கூட உண்மையை உளறிக்கொட்டிவிடுவார்.

அதற்குப் பிறகு இரண்டு வாரம் கணவனும் மனைவியும் இதையே கிசுகிசுத்தார்கள். தனியாகப் போனால் வண்டி நிற்கவில்லை. மனைவியை ஏற்றினால் நிற்கவில்லை. மாமியாரை ஏற்றினால் முதல் சிக்னலிலேயே மூச்சு நின்றது. டாக்டர் கூச்சத்தை விட்டுப் பட்டறையில் சொன்னார். பொறுமை சிரிக்கக்கூட இல்லை. "அப்போ அவங்களைக் கூட்டிட்டு வாங்க" என்றார்.

சனிக்கிழமை காலை டாக்டர் அசடு வழியப் போய் நின்றார். "அத்தை, சும்மா கொஞ்சம் வெளிய போயிட்டு வரலாமா?"

"போலாமே." மாமியார் நல்ல புடவையாகக் கட்டி, கைப்பையும் எடுத்துக்கொண்டு வந்தார். வழியில் ஒரு தரம் நின்று, எப்படியோ கிளம்பி, வண்டி பட்டறை வாசலில் போய் நின்றது. ஆயில் வழியும் தரையையும் அடுக்கிவைத்த டயர்களையும் அவர் நிதானமாகப் பார்த்தார்.

"இதுதான் வெளியவா, மாப்பிள்ளை?"

அதற்குள் பொறுமை கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்தார். "இவங்கதானா சார் அது?"

"எது?" என்றார் மாமியார்.

பட்டறையில் ஒரு ஸ்பேனர் விழுந்த சத்தம் கேட்டது. டாக்டர் தன் செருப்பை ஆராய்ந்தார். பொறுமை தான் என்ன தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று புரியாமல், "இல்லம்மா, நீங்க ஏறினா வண்டி நின்னுடுதுன்னு சார் சொன்னாரு" என்று முழுவதையும் போட்டு உடைத்தார்.

மாமியார் புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டார். "சரி, ஏறி உட்கார்றேன். நிக்கலைன்னா மாப்பிள்ளை வீடு வரைக்கும் நடந்து வரணும்."

ஏறினார். கதவைச் சாத்தினார். பொறுமை சாவியைத் திருகினார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. வண்டி உதறியது, விக்கியது, நின்றது. மாமியாரின் முகம் சுருங்கிப்போனது. பொறுமைக்கோ லாட்டரி விழுந்த சந்தோஷம்.

"அம்மா, இறங்காதீங்க! ஏறி உட்கார்ந்ததும் என்னென்ன பண்ணீங்க?"

"கதவைச் சாத்தினேன். கண்ணாடியை ஏத்தினேன். ஏசியைப் போட்டேன்."

பொறுமை டாக்டரை மெதுவாகத் திரும்பிப் பார்த்தார். "ஏசியே போடறதில்லைன்னீங்க."

"நான் போடறதில்லைதான்," என்றார் டாக்டர். "அத்தை போடுவாங்க."

பொறுமையின் பொறுமை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் போனது. நல்லவேளை, அவர் என்ன சொன்னார் என்பது டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரசர் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. மாமியாருக்கு மட்டும் கேட்டிருக்க வேண்டும், லேசாகச் சிரித்தார்.

ஏசியை அணைத்தால் இன்ஜின் ஒழுங்காக ஓடியது. போட்டால் உதறியது. "அப்போ நான் இல்லை, ஏசிதான்" என்றார் மாமியார்.

"ஏசியும் இல்லம்மா. அது ஒரு சுமை, அவ்வளவுதான். அதைத் தாங்க முடியாதபடி உள்ள வேற ஏதோ இருக்கு."

வண்டி நிற்க, இன்ஜின் மட்டும் சும்மா ஓடும்போது காற்றைக் கூட்டிக் குறைக்கிற வால்வைப் பொறுமை கழற்றினார். கரி அப்பியிருந்தது. சுத்தம் செய்து மாட்டினார். உதறல் பாதி குறைந்தது, முழுசாகப் போகவில்லை. பட்டறைப் பையனை ஸ்டியரிங் முன்னால் உட்காரவைத்தார். மாமியாரும் இறங்கிவர, பானெட்டுக்குள் தலையைவிட்டு மூன்று பேரும் உற்றுப் பார்த்தார்கள்.

"உஸ்ஸுனு ஒரு சத்தம் வருதே," என்றார் மாமியார்.

பல் குடையும் மிஷினோடு இருபது வருஷம் வாழ்ந்த டாக்டருக்கு ஒன்றும் கேட்கவில்லை. சுத்தியலோடு வாழ்ந்த பொறுமைக்கும் கேட்கவில்லை.

"ஏசியை அணைங்க... இப்போ இல்லை. போடுங்க... இதோ வருது. குக்கர் கேஸ்கட் போனா வருமே, அந்த மாதிரி. இந்தக் கறுப்புக் குழாய்க்குக் கீழ."

காற்று உள்ளே போகிற தடித்த ரப்பர் குழாய் அது. பொறுமை விரலால் தடவினார். மேல்பக்கம் வழவழவென்று இருந்தது. அடிப்பக்கத்தைப் பார்க்க வழியில்லை. அப்போது டாக்டர் காரிலிருந்த தன் பையைத் திறந்து, வாய்க்குள் விட்டுப் பார்க்கும் சின்ன வட்டக் கண்ணாடியை எடுத்துவந்தார். குனிந்தார். டார்ச்சைச் சாய்த்தார். பழக்கதோஷத்தில், "நல்லாத் திறங்க" என்று இன்ஜினிடம் சொன்னார்.

"கீழ்ப்பக்கம், மூணாவது மடிப்பு, உள்பக்கமா. நீளமா ஒரு விரிசல்."

"அதான் சங்கதி!" என்று பொறுமை தொடையில் தட்டினார். "உள்ள போற காத்தை அளந்து அதுக்குத் தகுந்த பெட்ரோலை விடும் கம்ப்யூட்டர். இந்த விரிசல் வழியா அளக்காத காத்து திருட்டுத்தனமா நுழையுது. ஏசி போட்டா இன்ஜின் கொஞ்சம் சாயும், விரிசல் வாயைப் பிளக்கும், மூச்சுத் திணறும்."

புதுக் குழாய் மாட்டியானதும் ஏசியை முழுசாக வைத்துக் கால்மணி நேரம் ஓடவிட்டார்கள். வண்டி அசையவில்லை.

வீட்டுக்குத் திரும்பும்போது டாக்டர் குளிரில் விறைத்துக்கொண்டே ஓட்டினார். ஏசியை அணைக்கச் சொல்ல நா எழவில்லை. பேங்க் சிக்னலில் சிவப்பு விழுந்தது. இன்ஜின் சீராக முனகியது.

"மன்னிச்சுக்குங்க அத்தை. ரெண்டு வாரமா நாங்க..."

"எல்லாம் தெரியும். அடுத்த ரூம்லதானே இருந்தேன்."

டாக்டருக்கு வேர்த்தது. "தெரிஞ்சுமா இன்னிக்கு வந்தீங்க?"

மாமியார் கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடினார். "எனக்கும் தெரியணுமே மாப்பிள்ளை. நீங்க சொல்றதைக் கேட்டுக் கேட்டு எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. போன வாரம் ஆட்டோல போனப்போகூட, எங்க நின்னுடுமோன்னு கம்பியைப் புடிச்சுக்கிட்டே உட்கார்ந்திருந்தேன்."

பச்சை விழுந்தது. "சித்தி வீட்டுக்கு ஒரு நடை போயிட்டு வருவோமா, அத்தை?" என்று கேட்டார். "போலாமே" என்றார் அவர்.

அடுத்த வாரம் கிளினிக்குக்கு ஒரு போன் வந்தது, பொறுமைதான். ஒரு வேனில் எங்கிருந்தோ கீச்சென்று சத்தம் வருகிறதாம், இடம் பிடிபடவில்லையாம்.

"நான் வரணுமா?" என்றார் டாக்டர் பெருமையாக.

"நீங்க எதுக்கு சார்? அம்மா ஃப்ரீயா இருப்பாங்களா?"