விட்ட இடத்தில் நிற்கும் சக்கரம்

"கை மடியிலேயே இருக்கட்டும். எடுக்காதீங்க," என்றேன்.

"எடுக்கணும்னா அது என் பேச்சைக் கேக்கணும்ல, வாயாடி?" என்றார் என் வீட்டுக்காரர்.

இந்த நேரத்திலும் கிண்டல்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பக்கவாதத்தில் விழுந்து எழுந்த மனுஷன். பேச்சு தெளிவு, வலது பக்கம் பழுதில்லை. இடது கை மட்டும் தோளிலிருந்து சும்மா தொங்கியது. கீபோர்டுக்காரராக அவர் பேர் வாங்கியதே அந்தக் கையால்தான். கீபோர்டின் இடது ஓரத்தில் இரண்டு சக்கரங்கள் உண்டு. ஒன்று சுருதியை வளைப்பது. விரலை எடுத்தால் துள்ளிக்கொண்டு நடுவுக்கு வந்துவிடும். அதை ஒட்டியே இருப்பது, ஒலியின் தன்மையையே மாற்றும் மாட் வீல். அது விட்ட இடத்தில் அப்படியே நிற்கும்.

கம்ப்யூட்டரில் ஓடும் சிந்தசைசரில் ஒலிகளை உருவாக்குவது என் வேலை. இன்று பின்னணி இசை பதிவாகும் இந்தப் படத்துக்கு ஒரே ஒலியை இரண்டு நிலைகளில் செய்து வைத்திருந்தேன். மாட் வீல் கீழே இருந்தால் தூங்குகிறவரின் மூச்சு. மேலே தள்ளினால் தொண்டை கிழிகிற அலறல். தள்ளத் தள்ள ஒன்று இன்னொன்றாக உருமாறும். பாதி வழியில் மட்டும் ஒரு பள்ளம். இரண்டும் ஒன்றையொன்று தின்று, சத்தம் விம்மலாக மெலிந்துவிடும். அதை நிரவ நான் படாத பாடு பட்டேன், முடியவில்லை. அந்த இடத்தைச் சட்டென்று கடந்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

கம்ப்யூட்டர் திரையில் மவுஸால் கோடு வரைந்தால் அதன்படி ஒலி தானே மாறும், சக்கரத்துக்குக் கையே வேண்டாம். ஆனால் இசையமைப்பாளர் ஒத்துக்கொள்ள மாட்டார். அவருக்கு நாங்கள் வைத்திருக்கும் பேர் கறார். "வரைஞ்ச கோடெல்லாம் எனக்கு வேணாம், கையால வரட்டும்" என்று சொல்லிவிட்டார். போதாததற்கு இன்னொரு கீபோர்டுக்காரரையும் வரச் சொல்லியிருந்தார். அந்த ஆள் வெளியே பெஞ்சில் பையோடு உட்கார்ந்திருந்தார். கை விழுந்ததை நாங்கள் மறைத்திருந்தும் கறார் ஏதோ மோப்பம் பிடித்துவிட்டார் என்று அப்போதே புரிந்தது.

"இதுவும் போச்சுன்னா நான் எதுக்குடி இருக்கணும்?" என்று காலையில் நான் சட்டைப் பொத்தான் போட்டுவிடும்போது இவர் கேட்டார். அதில் கிண்டல் இல்லை. அதனால்தான் இந்தத் திருட்டுத்தனம். லேப்டாப்போடு நான் அவருக்கு இடப்பக்கம் உட்காருவது எப்போதும் வழக்கம். இன்று சக்கரத்தையும் நானே திருப்புவேன். பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கும் கறாருக்கு எங்கள் தலைகள்தான் தெரியும்.

பதிவு தொடங்கியது. திரையில் ஒரு பெண் ஓடிவந்து கதவைத் திறக்கிறாள். அவள் எதிர்பார்த்தவன் வரவில்லை, வேறு யாரோ நிற்கிறார்கள். இவர் வலது கையால் மெல்ல வாசித்துக்கொண்டே வந்து, கடைசியில் சில கட்டைகளைச் சேர்த்து அழுத்தி, வலது காலால் பெடலை மிதித்தார். கையை எடுத்தாலும் ஒலி நிற்காது. நான் சக்கரத்தை மேலே தள்ளினேன். மூச்சு அலறலானது. அப்பாடா, பாதி கிணறு தாண்டியாயிற்று என்று உள்ளங்கை வியர்வையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, இறக்குவதற்காகக் கையை வைத்து இழுத்தேன்.

ஒலி கோணிக்கொண்டு சுருதி விலகி ஓடியது. ஐயையோ, பக்கத்துச் சக்கரம்! விட்டேன், அது துள்ளிக்கொண்டு நடுவுக்குப் போனது. மாட் வீல் அப்படியே உச்சியில் நின்றது. அலறல் நிற்கவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் கறார் எழுவது தெரிந்தது. எனக்குக் கை கால் ஓடவில்லை. பாவி, என் கையாலேயே இவர் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டேன்.

அப்போது இவர் வலது கையால் தன் இடது கையை மடியிலிருந்து தூக்கினார். ஈரத்துணியை எடுத்துக் கொடியில் போடுவதுபோல அதைச் சக்கரத்தின்மேல் போட்டு, பிடியை விட்டார். கையின் கனத்தில் சக்கரம் தானாகக் கீழே இறங்கியது. பாதியில், அந்தப் பள்ளத்தில், விரல் சிக்கிக் கொஞ்சம் நின்றது. விம்மல் அறையெல்லாம் நிறைந்தது. பிறகு கை வழுக்கி விழ, மூச்சு மட்டும் மிஞ்சியது.

கறார் கதவருகே நின்றிருந்தார். எல்லாவற்றையும் பார்த்திருந்தார்.

"கடைசியா வந்தது யார் கை?"

"என்னோடதுங்க," என்றார் இவர்.

"அதுக்கு முன்னாடி?"

"என் கை," என்றேன்.

"உன் கை வேணாம். அந்தக் கைதான் வேணும். முதல்லேர்ந்து எடுப்போம். ஏத்தத்துக்கும் அதுதான்."

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ. "ஏத்தமா? அது ஏறாதுங்க! பார்த்தீங்கல்ல? விழத்தான் தெரியும் அதுக்கு! வெளிய இருக்கிறவரைக் கூப்பிடணும்னா நேரா கூப்பிடுங்க, எங்களை வெச்சு வேடிக்கை பாக்காதீங்க!" என்று கத்தினேன். அழுகை பொங்கிக்கொண்டு வந்தது.

இவர் என் பக்கம் சாய்ந்து, "வாயாடி, ரெண்டு நிலையையும் மாத்திப் போடேன்," என்றார்.

"என்ன மாத்தணும்?"

"மேல இருக்கிறதைக் கீழ, கீழ இருக்கிறதை மேல. நான் விழுறேன். சத்தம் ஏறட்டும்."

சட்டென்று புரிந்தது. எனக்கு ஏன் இது தோன்றவில்லை என்று என்மேலேயே கோபம் வந்தது. மாற்றி, சக்கரத்தை உச்சியில் ஏற்றி வைத்தேன். இப்போது சக்கரம் உச்சியில் இருந்தால் மூச்சு, கீழே வந்தால் அலறல்.

"அப்போ இறக்கத்துக்கு?" என்று கறார் கேட்டார்.

இவர் என்னைப் பார்த்தார். "அதுக்கு யாராவது என் கையைத் தூக்கணும்."

மறுபடி பதிவு. திரையில் அந்தப் பெண் கதவைத் திறந்தாள். இவர் பெடலை மிதித்து, கையைத் தூக்கிச் சக்கரத்தில் போட்டார். கை சரியச் சரிய மூச்சு விம்மலாகி, விம்மல் அலறலாகி, என் காது வலித்தது. அலறல் நின்றுகொண்டே இருந்தது. அவர் விரல்கள் சக்கரத்திலேயே பதிந்திருக்க, நான் அவர் உள்ளங்கைக்கு அடியில் என் கையைக் கொடுத்தேன். நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. தூக்கத் தூக்கச் சக்கரமும் கூடவே ஏறி, அலறல் அடங்கிக்கொண்டே வந்தது.